புற்றுநோய் அறுவையும் புதுத் தாடை எலும்பும்: தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வாய்ப் புற்றுநோய் தாடை எலும்பு வரைக்கும் போய்விட்டது, எலும்பை வெட்டி எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டார் கேட்பது “எடுத்துட்டா சரியாயிடுமா?” என்பதைத்தான். அதே நாளில், அதே அறையில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: “எடுத்த இடத்துல என்ன வைப்பீங்க?” இந்த இரண்டாவது கேள்வியை அறுவை முடிந்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

காரணம் எளிது. கட்டியை எடுக்கும் அதே அறுவையில் புது எலும்பையும் வைத்துவிட்டால், கழுத்து ரத்தக்குழாய்கள் புதிதாகத் திறந்தபடி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். தாடையின் மீதிப் பகுதியும் இருந்த இடத்திலேயே நிற்கும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டால், நடுவில் ரேடியேஷன் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வந்துவிடும். ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்கிறார்களே, அதுதான். அதன் பிறகு கழுத்துத் திசு இறுகி, ரத்தக்குழாய்கள் ஒட்டிப்போய், தாடையின் மீதித் துண்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுவிடும். அப்போதும் புது எலும்பு வைக்கலாம், ஆனால் வேலை கடினம், பலனும் குறைவு.

எவ்வளவு எலும்பு போகிறது?

கட்டி எலும்பை ஒட்டி மட்டும் இருந்தால், கீழ்த்தாடையின் மேல் விளிம்பைச் சீவி எடுத்துக் கீழ்ப்பகுதியை விட்டுவைப்பார்கள். அடியில் ஏறக்குறைய 1 செ.மீ. உயரத்துக்கு நல்ல எலும்பு மிஞ்சினால் தாடை உடையாமல் தாங்கும். இவர்களுக்குப் பெரும்பாலும் புது எலும்பு தேவைப்படாது.

கட்டி எலும்புக்குள் புகுந்திருந்தால், தாடையின் முழுத் துண்டையே எடுக்க வேண்டும். அப்போது எடுக்கும் இடம் முன்பக்கமா, பக்கவாட்டா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் முடிவாகிறது. முகவாய்ப் பகுதி, அதாவது ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரையிலான வளைவு போனால், நாக்கைப் பிடித்து நிறுத்தியிருக்கும் தசைகளுக்குப் பிடிமானம் இருக்காது. நாக்கு பின்னால் விழும், எச்சில் வழிந்துகொண்டே இருக்கும், கீழுதடு உள்ளே சரியும், மூச்சுக்கும் ஆபத்து. இங்கே எலும்பு வைப்பது அழகுக்காக அல்ல, விழுங்கவும் மூச்சுவிடவும்தான். முன்பக்கத்துக்கு எலும்பு வைக்க முடியாது என்று ஒரு மருத்துவமனை சொன்னால், வேறு இடத்திலும் கேட்டுப் பாருங்கள் என்றே சொல்வோம்.

பக்கவாட்டில், அதிலும் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் போனால், எலும்பில்லாமலும் பலர் வாழ்கிறார்கள். தாடை வெட்டிய பக்கம் சாயும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது, மெல்வது சிரமம். ஆனால் வயதானவர், இதய நோய் உள்ளவர், பத்து மணி நேர மயக்கத்தைத் தாங்க முடியாதவர் என்றால் இதுவே சரியான முடிவாகவும் இருக்கலாம்.

வைப்பதற்கு என்னென்ன உண்டு?

முதல் தேர்வு காலிலிருந்து எடுக்கும் ஃபிபுலா எலும்பு. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் உண்டு. உடல் எடையின் பெரும்பங்கைத் தாங்குவது உள்பக்கம் இருக்கும் தடித்த எலும்பு. வெளிப்பக்கம் இருக்கும் மெல்லியதுதான் ஃபிபுலா. கணுக்கால் ஆடாமல் இருக்கக் கீழே 6 முதல் 8 செ.மீ., முழங்கால் அருகே ஓடும் நரம்பைக் காப்பாற்ற மேலே அதே அளவு விட்டுவிட்டு, நடுவில் 25 செ.மீ. வரை எடுக்க முடியும். தாடையின் முழு வளைவுக்கே அது போதும். 1989-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹிடால்கோ இதைத் தாடைக்குப் பயன்படுத்தி எழுதிய பிறகு உலகெங்கும் இதுவே முதல் தேர்வாகிவிட்டது.

இந்த எலும்பைத் தனியாக எடுப்பதில்லை. அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனி, திரும்பக் கொண்டுபோகும் சிரை, மேலே ஒட்டியிருக்கும் தோல் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து, அந்தக் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு மைக்ரோஸ்கோப்பின் கீழ் தைக்கிறார்கள். தையல் நூல் தலைமுடியை விட மெல்லியது. எலும்பை இரண்டு மூன்று துண்டாக வெட்டித் தாடை வடிவத்துக்கு மடக்கி, டைட்டானியம் பிளேட்டும் ஸ்குரூவும் போடுவார்கள். ஒவ்வொரு துண்டும் 2 செ.மீ.-க்குக் குறையாமல் இருந்தால்தான் அதற்கு ரத்தம் போகும். கூட வந்த தோல் வாய்க்குள்ளோ கன்னத்திலோ போன தோலை ஈடுகட்டும். சுருக்கமாக, வேர்மண்ணோடு பெயர்த்து நடும் மாங்கன்று போல இது உயிரோடு இடம் மாறுகிறது. ஆகவேதான் ரேடியேஷனையும் தாங்குகிறது.

இடுப்பெலும்பிலிருந்து ரத்தக்குழாய் இல்லாமல் வெறும் துண்டாக எடுத்து வைக்கும் முறையும் உண்டு. பொதுவாக 6 செ.மீ.-க்கு உட்பட்ட இடைவெளிக்கும், புற்றுநோய் அல்லாத தாடைக் கட்டிகளுக்கும் அது நல்ல முறை. சுற்றியுள்ள திசுவிலிருந்து மெல்ல மெல்ல ரத்தம் ஊறித்தான் அந்த எலும்பு பிழைக்கும். ரேடியேஷன் பட்ட இடத்தில் அந்த ஊற்று வறண்டுபோயிருக்கும்; எச்சிலும் கசிந்தால் எலும்பு சீழ்பிடித்துக் கழன்றுவிடும். ‘இடுப்பெலும்பு வெச்சா செலவு கம்மி’ என்று யாராவது சொன்னால், ரேடியேஷன் உண்டா என்பதை முதலில் கேளுங்கள். தோள்பட்டை எலும்பும், ரத்தக்குழாயோடு எடுக்கும் இடுப்பெலும்பும் ஃபிபுலா எடுக்க முடியாதவர்களுக்கான மாற்று வழிகள்.

மூன்றாவது, எலும்பில்லாமல் பிளேட் மட்டும் வைத்து, மார்புத் தசையைத் திருப்பி மூடுவது. நேரம் குறைவு, மைக்ரோஸ்கோப் தேவையில்லை, நெரிசல் மிகுந்த மருத்துவமனைகளில் பல உயிர்களைக் காப்பாற்றும் முறை இது. குறை என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: எலும்பு சேராத பிளேட் மெல்லும்போதெல்லாம் வளைந்து வளைந்து சில ஆண்டுகளில் முறியலாம், ரேடியேஷனுக்குப் பிறகு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியலாம். முன்வளைவில் இது இன்னும் அதிகம்.

எங்கே போவது, காகிதங்கள் என்ன?

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்குவது நல்லது. சோதனைகள், பரிந்துரைக் கடிதம், காப்பீட்டு வேலைகளுக்கு அது வசதி. மைக்ரோஸ்கோப் வைத்து ரத்தக்குழாய் தைக்கும் வசதி எல்லா ஊரிலும் இருப்பதில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் வழக்கமாகப் போவது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பெங்களூரு கித்வாய். எங்கே போனாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஃபிபுலா வைத்துத் தாடை கட்டும் அறுவை இங்கே வழக்கமாக நடக்கிறதா? நடுராத்திரியில் ரத்தக்குழாய் அடைத்தால் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக ஆள் இருக்கிறார்களா? என் முறை வர எத்தனை வாரம் ஆகும்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் இந்த அறுவையைச் செய்துகொள்ளாதீர்கள். மூன்றாவதற்குப் பதில் பல வாரங்கள் என்றால், எலும்புக்காகக் காத்திருந்து புற்றுநோயை வளரவிடக் கூடாது. எலும்பை விட உயிர் முந்தியது. இரண்டும் முரண்படும்போது இதில் தயக்கமே வேண்டாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.-விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993. அறுவை, ரேடியேஷன், கீமோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முன் அனுமதி வாங்க வேண்டி வரும். பிளேட், ஸ்குரூ, பின்னாளில் பல் கட்டுவது இவை தொகைக்குள் வருமா, கையிலிருந்து கட்ட வேண்டுமா என்பதைக் காப்பீட்டு அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கர்நாடகத்தில் நம் அட்டை செல்லுமா என்பதைப் பயணம் புறப்படும் முன்பே அந்த மருத்துவமனையில் விசாரியுங்கள்.

ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை உண்டு. மருத்துவமனை கையெழுத்திட்ட ரயில்வே படிவம் வேண்டும். காட்பாடி, சென்னை போகிறவர்களுக்கு மொரப்பூர், பொம்மிடி. பெங்களூரு போகிறவர்களுக்குத் தருமபுரி, இராயக்கோட்டை, ஓசூர் நிலையங்கள்.

அறுவைக்கு முன்

பயாப்ஸி (சதைத் துண்டுப் பரிசோதனை) ரிப்போர்ட், தாடைக்கும் கழுத்துக்கும் சி.டி. ஸ்கேன், முழுத் தாடையும் ஒரே படத்தில் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, இவை அடிப்படை. ஸ்கேன் ஃபிலிமோடு நிற்காமல், ஸ்கேன் பதிந்த கம்ப்யூட்டர் தட்டையும் கேட்டு வாங்குங்கள். 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளாக எடுத்த ஸ்கேன் என்றால், அதை வைத்துக் கம்ப்யூட்டரில் தாடை மாதிரி செய்து, எலும்பை எங்கே வெட்டுவது என்று முன்பே திட்டமிடுவார்கள்.

காலுக்கு ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் அல்லது சி.டி. ஆஞ்சியோ பரிசோதனை கட்டாயம். பாதத்துக்கு மூன்று தமனிகள் ரத்தம் கொண்டுபோகின்றன. ஃபிபுலாவோடு ஒன்றை எடுத்துவிடுகிறோம். சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒன்றுதான் பாதத்துக்கு முக்கியம். புகைபிடித்தவர்களுக்கும் நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் மற்ற இரண்டும் அடைத்துப்போயிருக்கலாம். பார்க்காமல் எடுத்தால் தாடை வரும், கால் போகும்.

நம் இரண்டு மாவட்டங்களுக்கென்றே ஒரு விஷயம் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்தவர்களில் பலருக்கு ஃப்ளூரைடு பாதிப்பு இருக்கிறது. பல்லில் பழுப்புக் கறை எல்லோருக்கும் தெரியும். எலும்பிலும் அது சேர்ந்திருக்கலாம். அப்படிச் சேர்ந்த எலும்பு அடர்ந்து கடினமாக, அதே சமயம் நொறுங்கக்கூடியதாக இருக்கும். காலின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வுகூடச் சுண்ணாம்பு படிந்து எலும்பாக மாறியிருக்கலாம். ஃபிபுலாவைப் பிரித்தெடுக்க வெட்டுவது அந்தச் சவ்வைத்தான். முதுகு வளையாமை, மூட்டு விறைப்பு, பல் கறை இருந்தால் வெளியூர் டாக்டரிடம் “எங்க ஊர்த் தண்ணியில ஃப்ளூரைடு ஜாஸ்தி” என்று சொல்லி, இரண்டு காலுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்கு நோயாளி சொன்னால்தான் இது நினைவுக்கு வரும்.

பல் டாக்டரைப் பார்க்காமல் அறுவைக்குப் போகாதீர்கள். ரேடியேஷன் படும் இடத்துக்குள் வரப்போகும் சொத்தைப் பல், ஆடும் பல் எல்லாவற்றையும் அறுவையின்போதே எடுத்துவிடுவது நல்லது. அப்போது முடியாவிட்டால், ரேடியேஷன் தொடங்க 10 முதல் 14 நாட்களுக்கு முன்பாவது எடுத்து முடித்திருக்க வேண்டும்.

புகையிலை, பாக்கு, பீடி அன்றே நிற்க வேண்டும். நிக்கோட்டின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். தைத்த குழாய் அடைப்பதற்கும் எலும்பு சேராமல் போவதற்கும் அது ஒரு முக்கியக் காரணம். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வாய் சரியாகத் திறக்காமல் எடை குறைந்து வந்தவருக்கு அறுவைக்கு முந்தைய வாரங்களிலேயே முட்டை, பால், பருப்பு கூட்டுங்கள்.

அறுவையும் முதல் ஐந்து நாளும்

அறுவை 8 முதல் 12 மணி நேரம் ஆகும். ஒரு குழு வாயில் கட்டியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுக்க, இன்னொரு குழு காலில் வேலை பார்க்கும். வெளியே காத்திருப்பவர்கள் நேரம் நீள்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். நோயாளி வெளியே வரும்போது பெரும்பாலும் கழுத்தில் மூச்சுக்காக டியூப், மூக்கில் உணவு டியூப், கழுத்திலும் காலிலும் ரத்தம் வடியும் பைகள், சிறுநீர் டியூப் எல்லாம் இருக்கும். பேச்சு வராது. ஒரு நோட்டும் பேனாவும், எழுதத் தெரியாதவர் என்றால் தண்ணீர், வலி, சளி, ஒன்னுக்கு என்று படம் வரைந்த ஒரு அட்டையும் தயாராக வைத்திருங்கள். கழுத்து டியூபைப் பொதுவாக 5 முதல் 10 நாட்களில் எடுப்பார்கள்.

முதல் மூன்று நாள்தான் கண்டம். தைத்த ரத்தக்குழாய் அடைத்தால் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் அடைக்கும். முதல் இரண்டு நாள் நர்ஸ் மணிக்கொரு முறை வந்து வாய்க்குள் இருக்கும் கால் தோலைப் பார்ப்பார். விரலால் அழுத்தி விடுவார், சில சமயம் ஊசியால் லேசாகக் குத்திப் பார்ப்பார். அந்தத் தோல் இளஞ்சூட்டோடு, அழுத்திவிட்டால் இரண்டு மூன்று நொடியில் நிறம் திரும்பி, குத்தினால் செந்நிற ரத்தம் வந்தால் நல்லது. நீலம் பாய்ந்து, தடித்து, அழுத்தியதும் உடனே கறுத்து, கருரத்தம் கசிந்தால் சிரை அடைத்திருக்கிறது. வெளிறி, சில்லிட்டு, குத்தினாலும் ரத்தம் வராவிட்டால் தமனி அடைத்திருக்கிறது. சிரை அடைப்புதான் அதிகம். கண்டுபிடித்த சில மணி நேரத்துக்குள் திறந்து சரிசெய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். காலை ரவுண்ட்ஸ் வரை விட்டால் போய்விடும். கைதேர்ந்த இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெற்றி கிடைப்பதன் ரகசியம் தையலில் பாதி, இந்தக் கண்காணிப்பில் பாதி.

கூட இருப்பவர் அந்தத் தோலைத் தொடக் கூடாது. ஆனால் செய்ய வேண்டியவை உண்டு. கழுத்தைச் சுற்றி எதுவும் இறுக்காமல் பாருங்கள்: மூச்சு டியூபைக் கட்டிய நாடா, ஆக்சிஜன் மாஸ்க்கின் எலாஸ்டிக், தாயத்துக் கயிறு, சுற்றிய துண்டு. கழுத்தின் வழியாகத்தான் புது எலும்புக்கு ரத்தம் போகிறது. ஒரு நாடா அதை நசுக்கிவிடும். தலையை டாக்டர் சொன்ன பக்கத்திலேயே வைத்திருங்கள். குளிர்ந்தால் போர்வை போடுங்கள். பார்க்க வருபவர் பீடி நாற்றத்தோடு பக்கத்தில் உட்கார வேண்டாம்.

ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை கழுத்துக் கட்டுத்துணியில் ஈரமோ நாற்றமோ இருக்கிறதா என்று கவனியுங்கள். வாய்க்குள் தையல் விட்டு எச்சில் கழுத்து வழியாகக் கசிவதன் அடையாளம் அது. சீக்கிரம் சொன்னால் கட்டுப்போட்டே ஆற்றிவிடலாம். விட்டால் எச்சில் ரத்தக்குழாயை அரிக்கும்.

டியூப் வழி உணவு

வீட்டார் கையில் முழுதாக இருப்பது இது ஒன்றுதான். புண் ஆறுவதும் ரேடியேஷனைத் தாங்குவதும் இதைப் பொறுத்தே அமையும். தேவை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 50 கிலோ எடை உள்ளவருக்கு 1500 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம். வெறும் கஞ்சித் தண்ணீரும் இளநீரும் ஜூஸும் கொடுத்தால் இதில் பாதிகூட வராது. டியூப் போட்ட பிறகும் நோயாளி மெலிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கேழ்வரகு நம் வீட்டில் இருப்பது நமக்கு அனுகூலம். ஆனால் சாதா கேழ்வரகு மாவுக் கஞ்சி ஆறினால் இறுகி டியூபை அடைக்கும். முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவு வேண்டும். முளைவிடும்போது மாவுச்சத்து உடைவதால் அதே அளவு மாவில் கஞ்சி நீர்த்து வரும். 25 கிராம் முளைகட்டிய மாவு, 200 மி.லி. பால், 10 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டினால் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 300 கலோரி, 8 கிராம் புரதம். இப்படி நான்கு வேளை. நன்றாக வேகவைத்த ஒரு முட்டையை 150 மி.லி. பாலோடு மிக்சியில் அரைத்து வடிகட்டி இரண்டு வேளை. பச்சை முட்டை கூடாது. 30 கிராம் பருப்பும் கொஞ்சம் சாமையோ அரிசியோ குழைய வேகவைத்து அரைத்து வடிகட்டி இரண்டு வேளை. மோர் ஒரு வேளை. காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை இரண்டு மணிக்கொரு முறை 200 மி.லி. வீதம் ஒன்பது வேளை வரும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையை விட்டுவிட்டு, இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். சிறுநீரக நோய் உள்ளவருக்கு இந்தப் புரதக் கணக்கு பொருந்தாது. தனியாகக் கேட்க வேண்டும்.

கொடுக்கும் முறை: தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்துங்கள். மூக்கருகே டியூபில் உள்ள அடையாளம் முந்தைய வேளை இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். 50 மி.லி. சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, புனல் போல மேலே பிடித்து, உணவைத் தானாக இறங்க விடுங்கள், அழுத்தித் தள்ளாதீர்கள். வெதுவெதுப்பாக இருக்கட்டும். முடிந்ததும் 30 முதல் 50 மி.லி. தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். இருமல், மூச்சுத் திணறல் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். டியூப் பாதி வெளியே வந்துவிட்டால் திருப்பித் தள்ளவே கூடாது. உள்ளே புதுத் தையல் இருக்கிறது, டியூப் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். பிளாஸ்டரால் ஒட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

வாய் வழியாக எப்போது? உள்தையல் ஆறியதைப் பார்த்து, பொதுவாக இரண்டு வாரத்தை ஒட்டி, முதலில் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு கூழ், பிறகு குழைந்த சாதம். களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவதுதானே, அது சுலபம் என்று இந்தப் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். நாக்கு பழையபடி ஓடாதவருக்குக் களி தொண்டையில் ஒட்டி மூச்சை அடைத்துவிடும். கூழைத் தடையில்லாமல் விழுங்கும் வரை களி வேண்டாம். தொடங்கும்போதும் தளர்வாகக் கிண்டி, சாற்றில் நனைத்து, சுண்டைக்காய் அளவு. எலும்பு சேரும் வரை, குறைந்தது 6 முதல் 8 வாரம், வைத்த பக்கம் எதையும் கடிக்கக் கூடாது.

கால்

கெண்டைக்கால் கல் போல இறுகி, மருந்துக்கும் அடங்காத வலியோடு விரல்கள் மரத்தால் முதல் இரண்டு நாளில் அது அவசரம். உடனே நர்சைக் கூப்பிடுங்கள். எடுத்த இடத்தை மூடத் தோல் ஒட்டு வைத்திருந்தால் 5 முதல் 7 நாள் ஸ்பிளிண்ட் (கால் அசையாமல் பிடிக்கும் கட்டு) இருக்கும். கால் விரல்களை முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொல்லுங்கள். வாக்கர் வைத்து நடப்பது பொதுவாக முதல் வாரத்திலேயே தொடங்கும். பயந்துகொண்டு படுத்தே இருந்தால் சிரையில் ரத்தம் உறையும், நுரையீரலில் சளி கட்டும்.

பெருவிரலை மடக்கும் பலம் குறைவது, வெளிப்பக்கம் மரப்பு, குந்தி உட்காரச் சிரமம் இவை பலருக்கு வரும், பெரும்பாலும் பழகிவிடும். பாதத்தை மேலே தூக்கவே முடியாமல் தொங்கினால் அது நரம்புக் கோளாறு, காட்ட வேண்டும். காட்டு வேலை, மூட்டை தூக்குவதை மூன்று மாதமாவது தள்ளிப்போடுங்கள். கழுத்து அறுவையால் தோளும் தளர்ந்திருக்கும். கையைச் சுவரில் ஏற்றி இறக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்று விடாமல் செய்யுங்கள்.

ஆறு வாரக் கெடு

ரேடியேஷன் தேவைப்பட்டால் அறுவை நாளிலிருந்து 6 வாரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். தாமதமானால் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. இந்தக் கெடு பல நேரம் தவறுவது, எடுத்த கட்டியையும் எலும்பையும் சோதித்துத் தரும் பயாப்ஸி ரிப்போர்ட் தாமதமாவதால். எலும்பை ஆசிடில் ஊறவைத்து மென்மையாக்கிய பிறகே வெட்டிப் பார்க்க முடியும் என்பதால் ரிப்போர்ட் இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். மூன்றாவது வாரத்திலும் வரவில்லையென்றால் நேரில் போய்க் கேளுங்கள். நான்காவது வாரத்துக்குள் ரேடியேஷன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ரேடியேஷனின்போது தலை அசையாமல் பிடிக்கும் முகக்கவசம் செய்து, ஸ்கேன் எடுத்து, கணக்கிட ஒரு வாரம் போகும்.

அளவு பொதுவாக 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). வாரத்தில் ஐந்து நாள், 30 முதல் 33 தடவை. வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமிருந்தாலோ, நெறிக்கட்டியின் உறையைத் தாண்டியிருந்தாலோ கூடவே சிஸ்பிளாட்டின் கீமோவும் கொடுப்பார்கள். ஆறு வாரம் தினமும் போக வேண்டியது என்பதால், அறுவை ஓரிடத்திலும் ரேடியேஷன் வீட்டுக்குப் பக்கத்திலும் வைத்துக்கொள்வதில் தவறில்லை. அறுவைக் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் தட்டு நான்கும் கையில் இருக்கட்டும். கழுத்தின் எந்தப் பக்கம் ரத்தக்குழாய் தைத்திருக்கிறது என்பதும் அறுவைக் குறிப்பில் இருக்க வேண்டும்.

இரண்டு மூன்று வாரத்தில் வாய் புண்ணாகும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா கலந்து இரண்டு மூன்று மணிக்கொரு முறை கொப்பளிக்கலாம். புண்ணைப் பார்த்துப் பயந்து இடையில் நிறுத்தினால் சிகிச்சையின் பலன் குறையும்.

வாய் திறப்பும் பல்லும்

அவரவர் விரல் மூன்று நுழைந்தால் வாய் திறப்பு சரி, 35 மி.மீ.-க்குக் கீழே போனால் வாய் இறுகுகிறது என்று பொருள். அறுவையும் ரேடியேஷனும் சேர்ந்து இறுக்கும், பாக்குப் பழக்கத்தால் முன்பே இறுகியவருக்கு இன்னும் மோசம். டாக்டர் அனுமதித்ததும் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, ஏழு நொடி நிறுத்தி, ஏழு முறை, நாளுக்கு ஏழு தடவை திறங்கள். எத்தனை குச்சி போனது என்பதை நாட்காட்டியில் எழுதுங்கள். எண்ணிக்கை குறைந்தால் பயிற்சி போதவில்லை. பயிற்சி செய்தும் திடீரென்று குறைந்தால், நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஃபிபுலாவில் இம்ப்ளாண்ட் (எலும்பில் பொருத்தும் உலோகத் திருகு) வைத்துப் பல் கட்டலாம். ஓ.பி.ஜி.யில் எலும்பு சேர்ந்தது தெரிந்து, ரேடியேஷன் முடிந்து 6 முதல் 12 மாதம் கழித்தே அதைப் பேச வேண்டும். ஃபிபுலாவின் உயரம் 12 முதல் 15 மி.மீ.தான், பல் உள்ள தாடையில் பாதி. ஆகவே பல் நீளமாக அமையும், கழுவுவது கடினம். எல்லோருக்கும் இது தேவையில்லை. கழற்றி மாட்டும் பல் செட்டே பலருக்குப் போதும்.

ரேடியேஷன் பட்ட தாடையில் ஆயுள் முழுவதும் பல் பிடுங்குவது ஆபத்து. பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பு செத்து வெளியே வரலாம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து கிளினிக்கில் பல்வலிக்குப் போனாலும் “எனக்குக் கரண்ட் வெச்சிருக்கு” என்று முதலில் சொல்லுங்கள். பல்லைக் காக்க ஃப்ளூரைடு ஜெல் எழுதித் தருவார்கள். ஃப்ளூரைடு என்றாலே கெடுதல் என்று நம் ஊரில் பயந்து அதைத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். கெடுதல் குடித்து எலும்பில் சேர்ந்தது. இது பல்லில் தடவிவிட்டுத் துப்புவது.

பின்னாளில்

தோலில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து நீர் கசிவது, பிளேட் தெரிவது, மெல்லும்போது ‘டக்’ என்ற சத்தமும் வலியும், வாய்க்குள் எலும்பு முனை நாக்கில் உறுத்துவது, ஆறாத புண், கழுத்தில் புதுக் கட்டி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காதீர்கள். எலும்பு சேர்ந்த பிறகு பிளேட்டைக் கழற்ற வேண்டி வந்தால் தாடை நிற்கும். சேராமல் பிளேட் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தால் நிற்காது. எலும்பு சேர்ந்ததா என்று ஒவ்வொரு ஓ.பி.ஜி.யிலும் கேட்டு எழுதி வாங்குங்கள். டைட்டானியம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது என்பது தவறு. எடுக்கலாம், முன்கூட்டிச் சொன்னால் போதும்.

செக்கப் முதல் ஆண்டு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கொரு முறை, இரண்டாம் ஆண்டு இரண்டு முதல் ஆறு மாதத்துக்கொரு முறை, ஐந்து ஆண்டு வரை நான்கு முதல் எட்டு மாதத்துக்கொரு முறை. கழுத்துக்கு ரேடியேஷன் கொடுத்தவர்களுக்குத் தைராய்டு சுரப்பு மெதுவாகக் குறையும். சோர்வு, உடல் கனம், மலச்சிக்கல் என்று வரும்போது வயதைக் காரணம் காட்டி விட்டுவிடுகிறார்கள். 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை தைராய்டைப் பார்க்கும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடும் மாத்திரையிலேயே சரியாகும்.